டிராவல் நர்ஸிங்கில் சிக்கல் வந்தால் ரெக்ரூட்டர் என்ன செய்வார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் சில வருடங்கள் டிராவல் நர்ஸாக, சில வார ஒப்பந்தங்களில் ஊர் ஊராகப் போய் வேலை பார்த்தேன். பிறகு ஆஸ்பத்திரிகளுக்கு நர்ஸ்களை அனுப்பும் ஒரு ஸ்டாஃபிங் ஏஜென்சியில், அவர்களுக்கு வேலை பிடித்துக் கொடுக்கும் ரெக்ரூட்டராகச் சேர்ந்தேன். நைட் டியூட்டி முடித்து, கார் பார்க்கிங்கில் உட்கார்ந்து அழுதபடி ரெக்ரூட்டருக்குப் போன் போட்டிருக்கிறேன். அப்படி அழைத்தவர்களுக்கு மறுமுனையிலிருந்து பதிலும் சொல்லியிருக்கிறேன். அங்கே வேலை பார்க்கும் நம் தமிழ் நர்ஸ்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்மவர்கள் பெரும்பாலும் தாமதமாகத்தான் வாய் திறக்கிறார்கள். வேலூரிலோ மதுரையிலோ ஒரே இரவில் இருபது நோயாளிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, குறை சொல்வதே ஏதோ தப்பு மாதிரி தோன்றுகிறது. "பதிமூன்று வாரம்தானே, ஓட்டிவிடலாம்" என்று இருந்துவிடுகிறார்கள். ரெக்ரூட்டரின் கையில் இருக்கும் வழிகளோ வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே போகும். கீழே பல பதில்களில் இதே விஷயம் திரும்ப வரும்.

நான் யாருடைய ஊழியர்? ஆஸ்பத்திரியுடையவரா, ஏஜென்சியுடையவரா?

சம்பளம் தருவதும், வரி பிடிப்பதும், வருடம் முடிந்ததும் டபிள்யூ-2 என்ற சம்பள, வரிக் கணக்குப் படிவம் அனுப்புவதும் ஏஜென்சிதான். ஆகவே நீங்கள் ஏஜென்சியின் ஊழியர். ஆஸ்பத்திரி அந்த ஏஜென்சியின் வாடிக்கையாளர். வழக்கமான ஒப்பந்தம் 13 வாரம், வாரத்துக்கு 36 மணி நேரம், அதாவது 12 மணி நேர ஷிஃப்ட் மூன்று.

இடையில் இன்னொருவரும் இருப்பார். பல ஆஸ்பத்திரிகள் ஏஜென்சிகளோடு நேரடியாகப் பேசுவதில்லை. தற்காலிக நர்ஸ்களுக்கான வேலை முழுவதையும் எம்.எஸ்.பி. எனப்படும் ஒரு நிர்வாக நிறுவனத்திடம் விட்டிருப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் உங்கள் ரெக்ரூட்டர் வார்டு மேனேஜருக்கு நேராகப் போன் போட முடியாது, போடவும் கூடாது. உங்கள் புகார் ரெக்ரூட்டரிடமிருந்து ஏஜென்சியின் அக்கவுண்ட் மேனேஜருக்கும், அவரிடமிருந்து எம்.எஸ்.பி.க்கும், கடைசியாக வார்டுக்கும் போகும். பதிலும் அதே வழியில் திரும்பி வர வேண்டும். திங்கட்கிழமை சொன்ன விஷயத்துக்குப் புதன்கிழமைதான் பதில் வருகிறது என்றால், பெரும்பாலும் காரணம் இந்த வரிசைதான்.

வார்டில் பிரச்சினை என்றால் முதலில் யாரிடம் சொல்வது?

நோயாளியின் உயிரோ பாதுகாப்போ சம்பந்தப்பட்டதென்றால் அந்த ஷிஃப்டில் வார்டை நடத்தும் சார்ஜ் நர்ஸிடம் அந்த நிமிடமே சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டால் அந்த நேரம் ஆஸ்பத்திரி முழுவதையும் கவனிக்கும் ஹவுஸ் சூப்பர்வைசரிடம் போங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு, ஐநூறு மைல் தள்ளித் தூங்கிக்கொண்டிருக்கும் ரெக்ரூட்டரால் உங்களுக்கு இன்னொரு நர்ஸை அனுப்பிவைக்க முடியாது. ஷிஃப்ட் முடிந்ததும், தூங்கப் போவதற்கு முன், நடந்ததை நாலு வரி எழுதி ரெக்ரூட்டருக்கு ஈமெயில் போடுங்கள். பெரும்பாலான பெரிய ஏஜென்சிகளில் 24 மணி நேர அவசர எண்ணும் இருக்கும். முதல் நாளே அதைப் போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சொன்ன பிறகு ஏஜென்சிக்குள் என்ன நடக்கிறது?

நல்ல ரெக்ரூட்டர் முதலில் கேட்டு எழுதிக்கொள்வார்: என்ன நடந்தது, எந்தத் தேதி, எந்த ஷிஃப்ட், யார் இருந்தார்கள், யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன பதில் சொன்னார். அப்புறம் விஷயத்தைப் பிரிப்பார். சம்பளக் குழப்பம் பேரோல் பிரிவுக்கும், தங்குமிடப் பிரச்சினை ஹவுசிங் பிரிவுக்கும், ஷிஃப்ட் ரத்து, அட்டவணை, ஒப்பந்த விதி போன்றவை அக்கவுண்ட் மேனேஜருக்கும் போகும். மருந்துத் தவறு, நோயாளி எண்ணிக்கை, தகுதிக்கு மீறிய வேலை போன்றவை, ஏஜென்சியில் மருத்துவ விஷயங்களைக் கவனிக்கும் கிளினிக்கல் லையசனுக்குப் போகும். அவரும் லைசென்ஸ் வாங்கிய நர்ஸ்தான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ரெக்ரூட்டர்களில் பெரும்பாலானோர் நர்ஸ் படித்தவர்கள் இல்லை. விற்பனை வேலையிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர். "இரண்டு டிரிப் ஓடுகிற நோயாளியோடு இன்னும் மூன்று பேரைக் கொடுத்தார்கள்" என்று சொன்னால் அதிலுள்ள ஆபத்து அவருக்குப் புரியாமல் போகலாம். "இந்த நோயாளியின் ரத்த அழுத்தத்தைப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், மற்ற மூன்று பேரை வைத்துக்கொண்டு என்னால் அது முடியவில்லை" என்று சொன்னால் புரியும். மருத்துவ விஷயமாக இருந்தால், "கிளினிக்கல் லையசனோடு பேச வேண்டும்" என்று நீங்களே கேளுங்கள். கேட்டால் இணைத்துவிடுவார்கள். கேட்காததால் அப்படி ஒருவர் இருப்பதே தெரியாமல் இரண்டு வருடம் ஓட்டிய நர்ஸ்களை எனக்குத் தெரியும்.

போனில் பேசினாலும், பேசி முடித்ததும் ஒரு ஈமெயில் அனுப்பிவிடுங்கள். "இன்று நாம் பேசியபடி, மார்ச் 4, 6 தேதிகளில் என் ஷிஃப்ட் ரத்தானது. ஒப்பந்தப்படி ஒன்றுக்குத்தான் அனுமதி. மற்றொன்றுக்குச் சம்பளம் வர வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்வதாகச் சொன்னீர்கள்." இவ்வளவு போதும். ரெக்ரூட்டராக இருந்தபோது இப்படி வரும் ஈமெயில் எனக்கே பெரிய உதவி. அதை அப்படியே மேலே அனுப்பிவிடுவேன். என் சொந்த வார்த்தையில் எழுதும்போது நழுவிப்போகும் விவரங்கள் அதில் நழுவாது.

ரெக்ரூட்டர் என் பக்கமா, ஆஸ்பத்திரி பக்கமா?

நீங்கள் வேலை செய்யும் மணி நேரத்துக்கு ஆஸ்பத்திரி தரும் தொகையில், ஏஜென்சிக்கு நிற்கும் பங்கிலிருந்துதான் பொதுவாக ரெக்ரூட்டருக்குக் கமிஷன். நீங்கள் ஒப்பந்தத்தை முடித்தால் அவருக்கும் வருமானம். அதனால் உங்கள் சிக்கல் தீர வேண்டும் என்ற ஆசை அவருக்கு உண்மையாகவே இருக்கும். அதே காரணத்தால், நீங்கள் விலகிவிடுவது நல்லது என்கிற இடத்தில்கூட "இன்னும் ஒரு வாரம் பாருங்களேன்" என்று சொல்லத் தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கிறது. நல்ல மனதோடு சொல்லும் வார்த்தைதான், ஆனால் அதற்குப் பின்னால் பணமும் இருக்கிறது என்பது உங்கள் நினைவில் இருக்கட்டும்.

ஷிஃப்டை அடிக்கடி ரத்து செய்கிறார்கள். சம்பளம் கிடைக்குமா?

எனக்கு அதிகம் வந்த கேள்வி இதுதான். நோயாளிகள் குறைந்தால் ஆஸ்பத்திரி முதலில் வீட்டுக்கு அனுப்புவது பெரும்பாலும் டிராவல் நர்ஸைத்தான். பதில் முழுக்க ஒப்பந்தத்தில் இருக்கிறது. "வாரம் 36 மணி நேரம் உறுதி" என்று பெரிய எழுத்தில் இருக்கும். இரண்டு பக்கம் தள்ளி, "இரண்டு வாரத்துக்கு ஒரு ஷிஃப்டை ஆஸ்பத்திரி சம்பளமின்றி ரத்து செய்யலாம்" என்றும் இருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 13 வாரத்துக்கு 36 மணி வீதம் மொத்தம் 468 மணி நேரம். இரண்டு வாரத்துக்கு ஒன்று என்றால் ஆறு ஷிஃப்ட், அதாவது 72 மணி நேரம் போகலாம். மொத்த வேலையில் ஏறக்குறைய 15 சதவீதம். அத்தோடு, வரியில்லாத வீட்டுப்படி, சாப்பாட்டுப்படி ஆகியவற்றையும் வேலை செய்த மணிக்கு ஏற்பக் குறைக்கும் ஒப்பந்தங்கள் உண்டு. வாடகையோ குறையாது.

ஒப்பந்தம் அனுமதிப்பதற்கு மேல் ரத்து செய்தால் ரெக்ரூட்டரால் உறுதியாகச் செயல்பட முடியும். ஏஜென்சி அந்த மணி நேரத்துக்கு எம்.எஸ்.பி.யிடம் பில் போடும். இதற்கும் கெடு உண்டு. என் முதல் பயண வேலையில் ஐந்து வாரத்தில் நான்கு ஷிஃப்ட் போனது. வாய் திறக்கவில்லை. ஆறாவது வாரம்தான் சொன்னேன். "அந்தந்த வாரமே சொல்லியிருந்தால் பில் போட்டிருப்பேன், பழைய வாரக் கணக்குகளை மூடிவிட்டார்களே" என்றார் ரெக்ரூட்டர். கடைசி வாரத்து ஒரு ஷிஃப்டுக்கு மட்டும் பணம் வந்தது. ரத்து செய்தியை யார், எத்தனை மணிக்குச் சொன்னார்கள் என்பதற்கு ஒரு ஸ்கிரீன்ஷாட்டாவது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்களாகக் கேட்டு வீட்டுக்குப் போனதாகப் பதிவாகியிருந்தால் உறுதி மணி நேரத்துக்கான பணம் வராது.

என்னை வேறு வார்டுக்கு மாற்றி அனுப்புகிறார்கள். மறுக்கலாமா?

ஃப்ளோட், அதாவது இப்படி வேறு வார்டுக்கு அனுப்புவது, டிராவல் நர்ஸுக்குச் சகஜம். முதலில் அனுப்பப்படுவது நாமாகத்தான் இருப்போம். ஒப்பந்தத்தில் "தகுதிக்கு உட்பட்ட பிரிவுகளுக்கு" என்று இருந்தால், ஐ.சி.யூ. நர்ஸை மெட்-சர்ஜ் எனப்படும் பொது மருத்துவ, அறுவை சிகிச்சை வார்டுக்கு அனுப்புவதை ரெக்ரூட்டரால் தடுக்க முடியாது. மெட்-சர்ஜ் நர்ஸை ஐ.சி.யூ.வுக்கோ பிரசவ வார்டுக்கோ அனுப்பினால் தடுக்க முடியும். வேலைக்குச் சேரும் முன் நீங்கள் நிரப்பிக் கொடுத்த திறன் பட்டியல் ஏஜென்சியிடம் இருக்கும். "இந்த வேலையில் இவருக்கு அனுபவம் இல்லை என்று எழுதியே கொடுத்திருக்கிறார்" என்று கிளினிக்கல் லையசன் அதைக் காட்டிப் பேசுவார். அதனால் அந்தப் பட்டியலை நிரப்பும்போது, வேலை கிடைக்க வேண்டுமே என்று எல்லாவற்றிலும் உயர்ந்த மதிப்பெண் போட்டுவிடாதீர்கள். பிறகு நமக்கு எதிராக நிற்பதும் அதே காகிதம்தான்.

மறுப்பதானால், நோயாளிகளைப் பொறுப்பேற்கும் முன் மறுக்க வேண்டும். முந்தைய ஷிஃப்ட் நர்ஸிடம் நோயாளியைப் பற்றிய ரிப்போர்ட் வாங்கிய பிறகு, மாற்று ஆளிடம் ஒப்படைக்காமல் கிளம்பினால் அது நோயாளியைக் கைவிட்டதாக, லைசென்ஸ் தரும் மாநில நர்ஸிங் போர்டு வரை போகலாம். லைசென்ஸுக்கே ஆபத்து. முழுதாக மறுக்க முடியாத இடத்தில் நடுவழி ஒன்று இருக்கிறது: "உதவிக்கு வருகிறேன், மருந்து கொடுப்பது, உடம்பு துடைப்பது, சர்க்கரை பார்ப்பது எல்லாம் செய்கிறேன். நோயாளியை என் பெயரில் போட வேண்டாம்." பல சார்ஜ் நர்ஸ்கள் இதற்கு ஒத்துக்கொள்வார்கள்.

நோயாளிகள் அளவுக்கு மீறி இருக்கிறார்கள். இதில் ரெக்ரூட்டர் என்ன செய்ய முடியும்?

எந்த மாநிலம் என்பதைப் பொறுத்தது. கலிஃபோர்னியாவில் 1999-ல் சட்டம் நிறைவேறி, 2004 முதல் நோயாளி எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கிறது. ஐ.சி.யூ.வில் ஒரு நர்ஸுக்கு அதிகபட்சம் இரண்டு பேர், இதயத் துடிப்பைத் தொடர்ந்து கண்காணிக்கும் டெலிமெட்ரியில் நான்கு, மெட்-சர்ஜில் ஐந்து. சாப்பாட்டு இடைவேளையிலும் இது பொருந்தும். அங்கே மீறினால் ரெக்ரூட்டர் சட்டத்தைச் சொல்லியே பேசலாம்.

டெக்சாஸில் எண்ணிக்கை வரம்பு கிடையாது. ஆனால் 'சேஃப் ஹார்பர்' என்ற பாதுகாப்பு இருக்கிறது. கொடுக்கப்பட்ட வேலை நோயாளிக்கு ஆபத்து என்று உண்மையாகவே நம்பினால், ஏற்கும் முன்போ, ஷிஃப்ட் நடுவில் வேலை மாறும்போதோ சூப்பர்வைசரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்துவிட்டு அந்த வேலையைச் செய்தால், அதற்காக உங்கள் மீது பழிவாங்கும் நடவடிக்கையோ லைசென்ஸ் நடவடிக்கையோ எடுக்க முடியாது. அதற்கான படிவம் டெக்சாஸ் நர்ஸிங் போர்டின் இணையதளத்தில் இருக்கிறது. அச்சடித்து லாக்கரில் ஒன்று வைத்திருங்கள். இது ரெக்ரூட்டர் உங்களுக்காகச் செய்யக்கூடியது இல்லை. அந்த நேரத்தில் அங்கே நிற்பவர் நீங்கள்தான்.

இரண்டும் இல்லாத மாநிலங்களில் ரெக்ரூட்டரால் முடிவது குறைவு. தொடர்ந்து நடந்தால் எழுத்தில் புகார் அனுப்புவார். அதே வார்டிலிருந்து வேறு நர்ஸ்களும் புகார் சொல்லியிருந்தால் அதற்கு எடை கூடும். மாற்றமே இல்லையென்றால், ஒப்பந்தத்தை முன்கூட்டி முடிக்கப் பேச்சு நடத்துவார்.

ஓரியன்டேஷன் ஒரே நாள். கணினிக்குப் பாஸ்வேர்டுகூட வரவில்லை.

ரெக்ரூட்டரால் சட்டென்று தீர்க்க முடிகிற பிரச்சினை இது. எம்.எஸ்.பி.க்கு ஒரு போன் போட்டாலே பெரும்பாலும் அன்றைக்கே நடந்துவிடும். எபிக் என்ற மருத்துவப் பதிவு மென்பொருள் தெரிந்தவரை மெடிடெக் என்ற வேறொன்று இருக்கும் இடத்துக்கு அனுப்பியிருந்தால், கூடுதலாக ஒரு ஓரியன்டேஷன் ஷிஃப்ட் கேட்டுப் பார்ப்பார். சொந்த பாஸ்வேர்டு வரும்வரை வேறொருவரின் லாகினில் மருந்து எடுக்கவோ பதிவு செய்யவோ வேண்டாம். "பரவாயில்லை, என்னுடையதில் போடு" என்று அன்பாகத்தான் சொல்வார்கள். வேண்டாம்.

சம்பளம் குறைவாக வந்திருக்கிறது.

மூன்று காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்: ஒப்பந்தம், நீங்கள் அனுப்பிய டைம்ஷீட், சம்பளச் சீட்டு. எந்த வரி வேறுபடுகிறது என்று குறித்து, படத்தோடு ரெக்ரூட்டருக்கு அனுப்புங்கள். பெரும்பாலும் காரணம் சின்னதாக இருக்கும். சாப்பாட்டு இடைவேளையைத் தானாகக் கழித்திருப்பார்கள், அல்லது மேனேஜர் கையெழுத்து ஒரு நாள் தாமதமாகியிருக்கும். அடுத்த வாரச் சம்பளம் வரை காத்திருக்க வேண்டாம், இடையிலேயே தனியாகப் போட முடியுமா என்று கேளுங்கள். ஏஜென்சியின் தவறு என்றால் பல இடங்களில் செய்வார்கள்.

ஓவர்டைம் கணக்கு கொஞ்சம் சிக்கலானது. சம்பளத்தில் ஒரு பகுதி வரி பிடிக்கும் மணிக்கூலி, மறுபகுதி வரியில்லாத படி. பல காலமாக, ஓவர்டைமுக்கு அந்தச் சின்ன மணிக்கூலியை மட்டும் ஒன்றரை மடங்காக்கிக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. 2021 பிப்ரவரியில், கிளார்க் எதிர் ஏ.எம்.என். சர்வீசஸ் என்ற வழக்கில் ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு சொன்னது. படித்தொகை வேலை செய்த மணிக்கு ஏற்பக் கூடிக் குறைகிறது என்றால், அது உண்மையில் சம்பளம்தான், ஓவர்டைம் கணக்கில் அதையும் சேர்க்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். கலிஃபோர்னியா, வாஷிங்டன், அரிசோனா எல்லாம் அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருபவை. உங்கள் ஓவர்டைம் விகிதம் அதிசயமாகக் குறைவாகத் தெரிந்தால் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

படிக்கு வரி இல்லை என்று ரெக்ரூட்டர் சொன்னார். நம்பலாமா?

வரி ஆலோசனை சொல்வது ரெக்ரூட்டரின் வேலை இல்லை. வேலை இடம் வீட்டிலிருந்து ஐம்பது மைல் தள்ளி இருந்தால் போதும் என்பார்கள். அமெரிக்க வருமான வரித் துறையான ஐ.ஆர்.எஸ். விதியில் அப்படி ஒரு தூரமே கிடையாது. உங்களுக்கென்று ஒரு நிரந்தர வீடு இருந்து, அதற்கும் செலவு செய்து, வேலை இடத்திலும் தங்கச் செலவு செய்ய வேண்டும். ஒரே பகுதியில் வேலை ஒரு வருடத்தைத் தாண்டும் என்று தெரிந்தால் அந்தச் சலுகை போய்விடும். நியூஜெர்சி எடிசனில் இருக்கும் சித்தப்பா வீட்டு முகவரியை, வாடகை எதுவும் கொடுக்காமல், படிவத்தில் மட்டும் எழுதினால் அது நிரந்தர வீடாகாது.

பாதியில் சம்பளத்தைக் குறைக்கப் போவதாகச் சொல்கிறார்கள்.

கோவிட் அலை இறங்கிய 2022-ல் இது நிறைய நடந்தது. வீட்டை விட்டு, குடும்பத்தை விட்டு வேறு மாநிலத்துக்குப் போய் இறங்கியவர்களிடம், "புது விகிதத்துக்குக் கையெழுத்துப் போடுங்கள், இல்லையென்றால் கிளம்பலாம்" என்றார்கள். பல ஏஜென்சிகள் மீது நர்ஸ்கள் வழக்குப் போட்டார்கள். ரெக்ரூட்டர் பெரும்பாலும் இந்த முடிவை எடுப்பவர் இல்லை, செய்தி கொண்டுவருபவர். அவரிடம் நேராகக் கேளுங்கள்: குறைத்தது ஆஸ்பத்திரியா, ஏஜென்சியா? ஆஸ்பத்திரி என்றால் அதற்கான அறிவிப்பு எங்கே? ஏஜென்சி தன் பங்கிலிருந்து எவ்வளவு விட்டுக்கொடுக்கிறது? அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டாம், ஒரு நாள் கேளுங்கள். இந்தக் கேள்விகளால் குறைப்பில் ஒரு பகுதியை ஏஜென்சியே ஏற்றுக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

என் மேல் புகார் சொல்லி ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டார்கள். இப்போது?

மனம் உடைந்துபோகிற நேரம் இது. வழக்கமாக நடப்பதைச் சொல்கிறேன். வார்டு மேனேஜர் எம்.எஸ்.பி.க்குச் சொல்வார், எம்.எஸ்.பி. ஏஜென்சிக்குச் சொல்லும், ரெக்ரூட்டர் உங்களுக்குப் போன் செய்வார். பல சமயம் உங்களுக்குக் கிடைக்கும் முதல் தகவலே "இன்று இரவு போக வேண்டாம்" என்பதாகத்தான் இருக்கும்.

அந்தப் போனில் கேட்க வேண்டியவை மூன்று. என்ன காரணம், எழுத்தில் தர முடியுமா? வெறும் ஒப்பந்த ரத்தா, அல்லது 'மீண்டும் அனுப்ப வேண்டாம்' என்ற பட்டியலில் போட்டிருக்கிறார்களா? அந்தப் பட்டியல் இந்த ஒரு ஆஸ்பத்திரிக்கா, அந்தக் குழுமத்தின் எல்லா ஆஸ்பத்திரிகளுக்குமா? மூன்றாவதைப் பலரும் கேட்பதில்லை. பெரிய குழுமம் என்றால் பல மாநிலங்களில் கதவு மூடிவிடும்.

அடுத்து, கிளினிக்கல் லையசன் உங்கள் தரப்பைக் கேட்பார். எழுதிக் கொடுங்கள். நேர வரிசையில், நீங்கள் பார்த்ததையும் செய்ததையும் மட்டும். நோயாளியின் பெயர், பிறந்த தேதி, படுக்கை எண் எதுவும் வேண்டாம். நோயாளியின் தகவல்களைக் காக்கும் 1996-ன் ஹிப்பா சட்டம் உங்கள் விளக்கக் கடிதத்துக்கும் பொருந்தும். யார் மேலும் கோபத்தைக் கொட்ட வேண்டாம். மருந்து தவறியது உண்மையென்றால் அதை ஒத்துக்கொண்டு, தெரிந்தவுடன் என்ன செய்தீர்கள், யாரிடம் சொன்னீர்கள் என்று எழுதுங்கள். நர்ஸிங் போர்டுக்குப் போகக்கூடிய விஷயம் என்று தெரிந்தால், எதையும் எழுதுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள். ஏஜென்சியின் காப்பீடு முதலில் காப்பது ஏஜென்சியைத்தான். சொந்தமாக, தொழில் தவறு வழக்குகளுக்கான ஒரு மால்பிராக்டிஸ் பாலிசி எடுத்து வைப்பது பெரிய செலவு இல்லை. லைசென்ஸ் விசாரணைக்கு உதவும் பாலிசியா என்று பார்த்து எடுங்கள்.

புகார் அற்பமானது, வார்டில் யாருக்கோ உங்களைப் பிடிக்கவில்லை என்றால் ரெக்ரூட்டருக்கு அது புரிந்துவிடும். நல்லவர் அதே வாரம் வேறு ஊரில் இடம் தேட ஆரம்பிப்பார். நீங்கள் முன்பே "இந்த வார்டில் இன்னின்னது நடக்கிறது" என்று எழுதியிருந்தால், இந்த இடத்தில் அந்த ஈமெயில்தான் உங்களைத் தாங்கும்.

நானே நடுவில் விலக வேண்டும். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை.

ஊரில் அம்மா ஆஸ்பத்திரியில், நாம் இங்கே நைட் டியூட்டியில் யாரோ ஒருவரின் அம்மாவைப் பார்த்துக்கொண்டு. இந்த வேதனை நம் நர்ஸ்களுக்குப் புதிதில்லை. டிக்கெட் எடுக்கும் முன், ஐந்து நிமிடம் ரெக்ரூட்டரோடு பேசுங்கள். குடும்ப அவசரம் என்றால் பல ஆஸ்பத்திரிகள் இரண்டு மூன்று வாரம் விட்டு, போன நாட்களைக் கடைசியில் சேர்த்துக்கொள்ள ஒத்துக்கொள்ளும். மத்தியச் சட்டப்படியான குடும்ப மருத்துவ விடுப்பை நம்பியிருக்க வேண்டாம். அதற்கு ஒரே முதலாளியிடம் 12 மாதமும், கடந்த 12 மாதத்தில் 1,250 மணி நேரமும் வேலை பார்த்திருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த டிராவல் நர்ஸுக்கு அது இருக்காது.

பிடிக்காமல் விலகுவதானால், ஒப்பந்தத்தில் சொன்ன நோட்டீஸைக் கொடுத்து, ஏற்ற ஷிஃப்ட்களை முடித்து, முறையாக ஒப்படைத்துவிட்டுப் போங்கள். அது வேலை ஒப்பந்த விவகாரமாக மட்டும் இருக்கும். ஏஜென்சி கொடுத்த வீடு என்றால் மீதி வாடகையைப் பிடிக்கலாம். "நாளையிலிருந்து வரமாட்டேன்" என்று செய்தி அனுப்பினால், ரெக்ரூட்டர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவரால் பேரம் பேச எதுவும் மிஞ்சாது. இரண்டு வாரம் முன்னால் சொன்னவர்களுக்கு ஷிஃப்ட் மாற்றமோ, வேறு வார்டோ, அபராதம் இல்லாத முடிவுத் தேதியோ வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

டியூட்டியில் ஊசி குத்திவிட்டது.

கழுவுங்கள், சார்ஜ் நர்ஸிடம் சொல்லுங்கள், உடனே ஆஸ்பத்திரியின் ஊழியர் மருத்துவப் பிரிவான எம்ப்ளாயி ஹெல்த்துக்கோ எமர்ஜென்சிக்கோ போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், சில மணி நேரத்திலேயே தொடங்குவது நல்லது. "நீங்கள் எங்கள் ஸ்டாஃப் இல்லையே" என்று ஆஸ்பத்திரி கைகழுவ முடியாது. தற்காலிக ஊழியரின் பாதுகாப்பில் ஆஸ்பத்திரிக்கும் ஏஜென்சிக்கும் கூட்டுப் பொறுப்பு என்பது, வேலையிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஓஷாவின் நிலை. அதே நாளில் ஏஜென்சிக்கும் சொல்லிவிடுங்கள். தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு பொதுவாக அவர்களுடையது. முதுகு பிடித்துக்கொண்டாலும் இதேதான், "இரண்டு நாளில் சரியாகிவிடும்" என்று விடாதீர்கள்.

என் பேச்சை, நிறத்தைக் கேலி செய்கிறார்கள்.

நோயாளி செய்தாலும், கூட வேலை பார்ப்பவர் செய்தாலும் சொல்லுங்கள். இன, தேச அடிப்படையிலான பாகுபாட்டில் வேலைக்கு அனுப்பிய ஏஜென்சிக்கும் பொறுப்பு உண்டு என்று, வேலையிடப் பாகுபாட்டை விசாரிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஈ.ஈ.ஓ.சி. 1997-லேயே தெளிவுபடுத்தியிருக்கிறது. தெரிந்தும் சும்மா இருந்தால் ஏஜென்சியும் மாட்டும். இதைத் தெரிந்த ரெக்ரூட்டர் விஷயத்தைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல் ஹெச்.ஆருக்கு அனுப்புவார். "அவர் எப்போதும் அப்படித்தான், கண்டுகொள்ளாதீர்கள்" என்று பதில் வந்தால் நீங்களே ஹெச்.ஆருக்கு எழுதுங்கள். நம் பேச்சில் நம் ஊர் வாசம் இருப்பது குறை இல்லை.

வாடகைக்கு எடுத்த வீடு மோசடி. பணம் போய்விட்டது.

படித்தொகை வாங்கிக்கொண்டு நீங்களே வீடு பிடித்திருந்தால், ஏஜென்சிக்குச் சட்டப் பொறுப்பு இருக்காது. ஆனாலும் சொல்லுங்கள். சில இரவுகளுக்கு ஹோட்டல் ஏற்பாடு செய்வார்கள், முதல் ஷிஃப்டை ஓரிரு நாள் தள்ளுவார்கள், அந்த ஊரில் ஏற்கெனவே இருக்கும் நர்ஸ்களைக் கேட்டு அறை பிடித்துத் தருவார்கள். வீட்டை வீடியோ அழைப்பிலாவது பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள்.

கணவர் எச்-1பி விசாவில் இருக்கிறார். நான் டிராவல் நர்ஸாக முடியுமா?

எச்-1பி ஊழியரின் துணைக்கான எச்-4 விசாவில் இருந்து, ஈ.ஏ.டி. எனப்படும் வேலை அனுமதி அட்டையும் இருந்தால் எந்த முதலாளியிடமும் வேலை பார்க்கலாம், டிராவல் நர்ஸிங்கும் சேர்த்து. அட்டை காலாவதியாகும் தேதி ஒப்பந்தத்தின் நடுவில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றோடு வேலை நின்றுவிடும், ரெக்ரூட்டரால் ஒன்றும் செய்ய முடியாது. லைசென்ஸும் பார்க்க வேண்டும். பல மாநிலங்களுக்குச் செல்லும் காம்பாக்ட் லைசென்ஸ் கலிஃபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் செல்லாது, அங்கே தனியாக வாங்க வேண்டும். கிரீன் கார்டுக்கு ஸ்பான்சர் செய்த நிறுவனத்தோடு இரண்டு மூன்று வருட ஒப்பந்தம் இருப்பவர்கள், அதை முடிக்காமல் டிராவலுக்குப் போனால் பெரிய தொகை கேட்கப்படலாம். அந்த ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

ரெக்ரூட்டர் போனே எடுப்பதில்லை.

ஒரு முழு வேலை நாள் காத்திருங்கள். அப்புறம் அவருடைய மேலாளருக்கு எழுதுங்கள், பழைய ஈமெயில்களையும் சேர்த்து. வேறு ரெக்ரூட்டர் வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அவருக்குச் சங்கடமாக இருக்குமே என்று யோசிக்க வேண்டாம், ஏஜென்சிக்குள் இது வாடிக்கையாக நடப்பதுதான்.

ஒப்பந்தம் திடீரென்று முடிந்துவிட்டது. மருத்துவக் காப்பீடு என்ன ஆகும்?

சில ஏஜென்சிகளில் கடைசி வேலை நாளோடும், சிலவற்றில் அந்த மாதக் கடைசியோடும் முடியும். எந்தத் தேதி என்று ரெக்ரூட்டரிடம் அன்றைக்கே எழுத்தில் வாங்குங்கள். பிறகு, சொந்தச் செலவில் அதே காப்பீட்டைத் தொடர வழி செய்யும் கோப்ரா சட்டத்தின்படி ஒரு கடிதம் வரும். அதில் சேர்வதா என்று முடிவெடுக்க 60 நாள் அவகாசம் இருக்கிறது. சேர்ந்தால், காப்பீடு நின்ற நாளிலிருந்தே செல்லும், அந்த இடைவெளிக்கான பிரீமியத்தையும் கட்ட வேண்டும். அடுத்த வேலை ஒரு மாதத்தில் கிடைத்துவிடும் என்று தோன்றினால், பல நர்ஸ்கள் உடனே பணம் கட்டாமல் அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். இடையில் குழந்தைக்கு ஏதாவது ஆகி ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால், கெடுவுக்குள் கையெழுத்துப் போட்டுப் பிரீமியம் கட்டி அந்தச் செலவையும் காப்பீட்டுக்குள் கொண்டுவரலாம். கடிதம் பழைய முகவரிக்குப் போய்விடாமல், வீடு காலி செய்யும் நாளிலேயே புது முகவரியை ஏஜென்சிக்குக் கொடுத்துவிடுங்கள்.